கைக்கு அடக்கமான கணிப்பொறி

பட்டுப் புடவை எடுப்பதென்றால் நம் வீட்டுப் பெண்மணிகள் நான்கு கடை ஏறி இறங்குவார்கள். முந்தானையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடிப்பார்கள். ஜரிகையைத் திருப்பிப் பார்ப்பார்கள். விலையைக் கேட்டதும் எழுந்து வாசல் வரையில் நடப்பார்கள். அதே குடும்பம் 30,000 ரூபாயை எடுத்துக்கொண்டு ஒரு சிறிய கணிப்பொறி வாங்கப் புறப்படும்போது மட்டும், கடைச் சிப்பந்தி எதை எடுத்து மேஜைமேல் வைக்கிறாரோ அதையே வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறது. "அதைப்பற்றி நமக்கென்ன தெரியும்?" என்பது அவர்கள் சொல்லும் காரணம். தெரிந்துகொள்ள வேண்டியது அப்படியொன்றும் மலையளவு இல்லை என்பதை நேயர்களுக்கு எடுத்துக் காட்டவே இதனை எழுதுகிறோம்.

முதலில் எல்லை வகுத்துக்கொள்வோம். சினிமாப் படம் வெட்டி ஒட்டுகிறவர்களுக்கும், நள்ளிரவு வரையில் யந்திரத்தில் யுத்தம் செய்து விளையாடும் வாலிபர்களுக்கும் நாம் இங்கே யோசனை கூறப் போவதில்லை. கடிதம் எழுதுவது, வீட்டுக் கணக்கு வைப்பது, பாங்கி விவகாரங்களைக் கவனிப்பது, கல்லூரிக்கு விண்ணப்பம் அனுப்புவது, பாடம் கேட்பது, கடல் கடந்து உத்தியோகம் பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுவது ஆகிய இவ்வளவுக்கும் உதவக்கூடிய, தோள்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறக்கூடிய சிறிய யந்திரம் ஒன்றைப் பற்றியே பேச்சு.

இத்தகைய சுமந்து செல்லும் கணிப்பொறியின் சரித்திரத்தில் நம் திருவண்ணாமலைக்கும் ஓர் இடம் உண்டென்பது பலருக்குத் தெரியாத விஷயம். ஸ்ரீ ரமண மகரிஷியிடம் ஈடுபாடு கொண்டு அவ்வூரில் குடியேறிய ஆங்கிலேயர்களில் ஆர்தர் ஆஸ்பார்ன் ஒருவர். மகரிஷியைப் பற்றி நூல்கள் எழுதியவர். 1964-இல் ரமணாசிரமத்திலிருந்து வெளிவரத் தொடங்கிய 'மௌண்டன் பாத்' என்னும் ஆங்கிலப் பத்திரிகையின் ஆசிரியர். அவருடைய புதல்வர் ஆடம் ஆஸ்பார்ன் 1939-இல் பாங்காக்கில் பிறந்து, அருணாசல மலையின் அடிவாரத்தில் வளர்ந்தவர். பிற்காலத்தில் அமெரிக்கா சென்று, கணிப்பொறி நூல்கள் எழுதி வெளியிட்டுப் பெயரெடுத்த அவர், 1981-ஆம் ஆண்டில் 'ஆஸ்பார்ன் 1' என்ற யந்திரத்தை வெளியிட்டார். கைப்பிடி பிடித்துத் தூக்கிச் செல்லக்கூடியதாக, கடையில் நல்ல விற்பனை கண்ட முதற் கணிப்பொறி அதுதான்.

தூக்கிச் செல்லலாம் என்றோமே தவிர, சுலபமாகத் தூக்கலாம் என்று கூறவில்லை. அதன் எடை இருபத்துநான்கரை ராத்தல், அதாவது சுமார் 11 கிலோ! ஏறக்குறைய ஒரு தையல் யந்திரத்தைப் பெட்டியோடு தூக்கிச் செல்வதற்குச் சமானம். திரையோ 5 அங்குலந்தான். மின்சாரச் சேமக்கலமும் அதில் கிடையாது. எங்கே சென்றாலும் சுவரில் துவாரம் தேட வேண்டும். ஆயினும் ஜனங்கள் அதை விரும்பி வாங்கினார்கள். 1,795 டாலர் விலைக்கு யந்திரத்தோடு கடிதம் எழுதும் நிரலும் கணக்குப் போடும் நிரலும் சேர்ந்தே வந்தன. சாமானிய மனிதனுடைய காரியத்துக்குப் போதுமானதைக் கொடுத்துவிட்டால் போதும், எல்லாவற்றிலும் உயர்ந்ததைக் கொடுக்க வேண்டியதில்லை என்பது அம்மனிதரின் கொள்கை. 1983-இல் அவருடைய கம்பெனி திவாலாயிற்று. நோயுற்று இந்தியாவுக்குத் திரும்பிய ஆஸ்பார்ன், 2003-இல் கோடைக்கானலில் காலமானார். அவர் கம்பெனி மறைந்தாலும் அவர் கொள்கை மறையவில்லை. இன்று கடைக்குச் செல்லும் நம் போன்றோர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய அளவுகோல் அதுவே.

போதுமானது எது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. சிறுமையும் மலிவும் எல்லை கடந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் கூறுவோம். 2007-இல் தைவான் நாட்டு ஏஸுஸ் கம்பெனியார் 'ஈ பிஸி' என்று ஒன்றை வெளியிட்டார்கள். 7 அங்குலத் திரை, 920 கிராம் எடை. உலகமே வியந்தது; மற்றக் கம்பெனிகளும் 'நெட்புக்' என்ற பெயரில் அதைப் பின்பற்றின. ஆனால் அதன் விசைப்பலகையில் பெரியவர் ஒருவர் விரல் வைத்தால் ஒரே சமயத்தில் இரண்டு எழுத்து விழும்! 2013-க்குள் அவ்வினமே பெரும்பாலும் மறைந்துபோயிற்று. நம் தேசத்தில் 2011-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் டில்லியில் 'ஆகாஷ்' என்ற பலகைக் கணினி பெரும் ஆரவாரத்தோடு வெளியிடப்பட்டது. மாணவர்களுக்கு மிக மலிவாக அளிக்க வேண்டுமென்ற உயர்ந்த நோக்கம் அதில் இருந்தது. ஆனால் உள்ளே 256 எம்.பி. நினைவகந்தான், திரையோ நகத்தால் அழுத்தினால் மட்டும் பதில் சொல்லும். நோக்கம் உயர்ந்தது என்பதற்காக யந்திரம் ஓடிவிடுமா?

இனி விஷயத்துக்கு வருவோம். எடையைப் பொறுத்தவரையில், அமெரிக்க அறிஞர் ஆலன் கே என்பவர் 1972-லேயே, குழந்தைகளுக்கு ஏற்ற கணிப்பொறி 4 ராத்தலுக்கு மேற்படக் கூடாதென்று எழுதி வைத்தார். அது சுமார் 1.8 கிலோ. அந்நாளில் அது கனவு, இன்று 1.5 கிலோவுக்குக் குறைந்தவை தாராளமாய்க் கிடைக்கின்றன. தினந்தோறும் சுமக்கிறவர்கள் அந்த 1.5 கிலோவையே மேல் எல்லையாக வைத்துக்கொள்ளலாம். மின்னேற்றும் கருவியின் எடையை எந்த விளம்பரத்திலும் சேர்த்துச் சொல்வதில்லை. ஆகையால் இரண்டையும் சேர்த்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். இப்போதெல்லாம் கைப்பேசிக்கு உபயோகிக்கும் 'ஸி' வகைத் துவாரத்தின் வழியாகவே மின்னேற்றிக்கொள்ளும் யந்திரங்கள் வந்துவிட்டன. அப்படிப்பட்டதை வாங்கினால் வீட்டிலுள்ள இருவர் ஒரே கருவியைப் பங்கிட்டுக்கொள்ளலாம். கெட்டுப்போனாலும் மாற்று எந்த ஊரிலும் கிடைக்கும்.

திரையின் அளவைக் குறுக்குக் கோணமாக அளந்து சொல்வது வழக்கம். 11.6 அங்குலத்தில் மிக இலேசானவை கிடைக்கின்றன. பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் பைக்கு அவை பொருந்தும். ஆனால் அதே யந்திரத்தில் இரவு பாட்டனார் பென்ஷன் கணக்குப் பார்க்கப் போகிறாரென்றால், 13 அல்லது 14 அங்குலமே நலம். ஒரு வீட்டுக்கு வந்த கணிப்பொறி ஒருவருக்கு மட்டும் சொந்தமாய் இருப்பதில்லை என்பதை நாம் அனுபவத்தில் அறிவோம். 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, கொடுக்கப்பட்டது மாணவனுக்கு; உபயோகித்தது குடும்பம்.

திரையில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். குறுக்கே 1,366 புள்ளிகளும் நெடுக்கே 768 புள்ளிகளும் உள்ளவை பழைய கணக்கு; 1,920-க்கு 1,080 உள்ள திரையில் தமிழ் எழுத்தின் சுழிகள் தெளிவாய்த் தெரியும். கண்ணுக்கு இது பெரிய உபகாரம்.

நினைவகமும் சேமிப்பும்

இங்கேதான் ஏழைக் குடும்பங்கள் ஏமாறுகின்றன. ஆகையால் சற்று நின்று பேசுவோம்.

கணிப்பொறியில் இரண்டு வித இடங்கள் உண்டு. ஒன்று சமையல் மேடை போன்றது. அவ்வப்போது எடுத்து வைத்துக்கொண்டு வேலை செய்யும் இடம். அதற்கு நினைவகம் என்று பெயர். மற்றொன்று உக்கிராண அறை போன்றது. சாமான்களை எல்லாம் நிரந்தரமாய் வைத்திருக்கும் இடம். அது சேமிப்பகம். கடைக்காரர் இரண்டையும் 'ஜி.பி.' என்றே சொல்வதால் கேட்பவருக்குக் குழப்பம் உண்டாகிறது. "அறுபத்துநாலு ஜி.பி. இருக்கு ஸார்!" என்று அவர் உற்சாகமாய்க் கூறும்போது அது உக்கிராணமா, மேடையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அநேகமாய் உக்கிராணமாகத்தான் இருக்கும். அதுவும் மிகச் சிறிய உக்கிராணம்.

விண்டோஸ் 11 என்னும் இயங்குதளத்தை நிறுவுவதற்கு மைக்ரோஸாப்ட் கம்பெனியார் விதித்திருக்கும் குறைந்தபட்ச நிபந்தனை, 4 ஜி.பி. நினைவகமும் 64 ஜி.பி. சேமிப்பகமுமாகும். சரியாக அந்த அளவே வைத்து, சட்டத்துக்குக் குறைவில்லாமல் செய்து, மலிவு விலைக்கு விற்கப்படும் யந்திரங்கள் உண்டு. கடையில் திறந்து காட்டும்போது அவை நன்றாகவே ஓடும். ஆனால் இயங்குதளமே அவ்விடத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. மாதந்தோறும் வரும் திருத்தங்களுக்கும் இடம் வேண்டும். பந்தியில் இலை போட்டாயிற்று, சாதம் பரிமாற இடமில்லை என்ற கதைதான். சில மாதங்களில் "இடம் போதவில்லை" என்று யந்திரம் முறையிட ஆரம்பிக்கும். திருத்தங்கள் பாதியில் நிற்கும். ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுக் காபி குடித்து வரலாம் என்னும்படி ஆகிவிடும். கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். மாலை 5 மணிக்குள் சான்றிதழ்களை ஏற்றி அனுப்பியாக வேண்டும். வட்டம் திரையில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பெண் கண்ணீர் விடுகிறாள். தகப்பனார் தெருமுனைக் கடைக்கு ஓடுகிறார். இந்தக் காட்சி எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. வாங்கும்போது மிச்சம் பிடித்த நாலாயிரம் ஐயாயிரம் ரூபாய் அந்த ஒரு மாலைப் பொழுதுக்கு ஈடாகுமா?

சேமிப்பகத்தின் அளவு மட்டுமன்று, ஜாதியும் முக்கியம். ஈ.எம்.எம்.ஸி. என்று ஒரு வகை. அது கைப்பேசிகளில் வைப்பதுபோலத் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்ட சில்லு. வேகம் குறைவு, பழுதானால் கழற்றி மாற்ற இயலாது. எஸ்.எஸ்.டி. என்பது மற்றொரு வகை, வேகம் மிகுந்தது, பெரும்பாலான யந்திரங்களில் திருகாணியைக் கழற்றிப் பெரிதாக மாற்றிக்கொள்ளவும் முடியும். 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இருந்தால் ஒரு குடும்பத்தின் கடிதங்களும் கணக்குகளும் கலியாணப் புகைப்படங்களும் அடங்கும்.

நினைவகம் 8 ஜி.பி. வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியது. ஆகையால் 4 ஜி.பி.யோடு நிறுத்திக்கொள்ளும் ஆசை வாங்குவோருக்கு எழலாம். அப்படி வாங்குவதானால், பிறகு கூட்டிக்கொள்ள உள்ளே காலித் துவாரம் இருக்கிறதா என்று கேட்டு, எழுத்து மூலமாய் உள்ள விவரப் பட்டியலிலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இலேசான யந்திரங்கள் பலவற்றில் நினைவகம் பற்றவைக்கப்பட்டே வருகிறது. அவற்றில் இன்று வாங்கிய அளவுதான் என்றைக்கும்.

மூளையாகிய செயலியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. இன்டெல் கம்பெனியார் 2023-இல் வெளியிட்ட 'என் 100' என்பது அவர்களுடைய மலிவான வரிசையைச் சேர்ந்ததுதான். ஆயினும் நான்கு கருக்கள் உடையது. 6 வாட் அளவிலேயே வேலை செய்யக்கூடியது. நாம் மேலே சொன்ன காரியங்களுக்கெல்லாம் அது போதும். அதற்கு முன் வந்த 'செலரான்' வகைகளில் இரண்டே கருக்கள் உடையவை இன்னும் கடைகளில் தூசி படிந்து கிடக்கலாம். 'என் 4020' என்றொரு பெயர் கண்டால், 'நாலாயிரம் நூறைவிடப் பெரிதாயிற்றே' என்று மகிழ்ந்து வாங்கிவிடக் கூடாது. அது 2019-ஆம் வருஷத்துச் சரக்கு.

மின்கலம் இத்தனை மணி நேரம் நிற்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை மாப்பிள்ளை வீட்டார் சொல்லும் சம்பளம்போலப் பாவித்துக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளவும். பின்புறத்திலோ விவரப் பட்டியலிலோ 'வாட்-மணி' என்று ஓர் எண் இருக்கும். அது 40 என்றும், எழுதும்போது யந்திரம் சுமார் 6 வாட் செலவழிக்கிறதென்றும் கொண்டால், ஆறரை மணி நேரம் வரும். முகம் பார்த்துப் பேசினாலோ திரையைப் பிரகாசமாய் வைத்தாலோ அதனினும் குறையும். மின்வெட்டு உள்ள ஊர்களில் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பது உசிதம்.

விசைப்பலகையைப் பற்றிக் கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். நாம்தான் தட்டிப் பார்க்க வேண்டும். பலகையின் நடுவில் அமுக்கினால் தொட்டில் துணிபோல் தொய்கிறதா? பொத்தான்கள் விரலுக்கு உணர்ச்சி கொடுக்கின்றனவா? தமிழில் எழுத வேண்டுமே, எழுத்து அச்சிட்டிருக்கவில்லையே என்று தயங்க வேண்டியதில்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மகாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் அங்கீகரித்த 'தமிழ் 99' என்னும் அமைப்பு விண்டோஸ் 11-இலும் லினக்ஸிலும் ஏற்கனவே உள்ளது. உயிரெழுத்துக்கள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் அமைந்திருப்பதால் பத்து நாள் பழக்கத்தில் கை தானே ஓடும். ஆங்கில ஒலியை வைத்துத் தமிழ் எழுதுவதற்குப் பழகிவிட்ட இளைஞர்கள் இதை ஒரு தடவை முயன்று பார்த்தால், தாங்கள் இதுவரை வீணாக்கிய தட்டல்களை எண்ணித் துக்கப்படுவார்கள்.

பழையதா, புதியதா?

பெரிய கம்பெனிகளில் மூன்று நான்கு வருஷம் உழைத்துவிட்டுத் திரும்பி வரும் மடிக்கணினிகளைச் சுத்தம் செய்து விற்பது இப்போது ஒரு பெரிய வியாபாரம். சென்னை மவுண்ட் ரோட்டுக்கருகே ரிச்சி தெருவில் இவற்றைக் குவியல் குவியலாய்ப் பார்க்கலாம். திங்க்பேட், லாட்டிட்யூட், எலீட்புக் முதலிய உத்தியோக வகை யந்திரங்கள் உறுதியான உடலும் நல்ல விசைப்பலகையும் உடையவை. புதிய மலிவு யந்திரத்தைவிடப் பழைய உயர்ந்த யந்திரமே மேல் என்று நாமும் பல சந்தர்ப்பங்களில் கூறுவோம். ஆனால் ஒரு நிபந்தனை.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோஸாப்ட் கம்பெனியார் அளித்து வந்த சாதாரண ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி நிறுவ வேண்டுமானால், இன்டெல் செயலி பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாகவாவது இருக்க வேண்டும். 'ஐ 5' என்ற பெயருக்குப் பின்னால் வரும் எண் 8250 என்று இருந்தால் எட்டாம் தலைமுறை. 7200 என்றோ 6300 என்றோ இருந்தால் வாசலுக்கு வெளியேதான் நிற்கும். அத்தகைய யந்திரங்களை இன்று மிக மலிவாய்த் தள்ளிவிடுவதன் ரகசியம் இதுதான். பாங்கிக் கணக்கைப் பாதுகாப்புத் திருத்தம் வராத யந்திரத்தில் திறப்பது, கதவைத் தாளிடாமல் உறங்குவதற்கு ஒப்பாகும்.

அப்படியானால் அவை குப்பையா? இல்லை. லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை அவற்றில் நிறுவினால் இன்னும் பல வருஷம் உழைக்கும். சென்னையிலுள்ள ஸிடாக் என்னும் அரசாங்க ஸ்தாபனத்தார் அமைத்த 'பாஸ் லினக்ஸ்' தமிழ் முதலிய இந்திய பாஷைகளில் இயங்குவது. 'லிபர் ஆபீஸ்' என்ற இலவச நிரலில் கடிதமும் கணக்கும் எழுதலாம். வீட்டில் இதில் ருசியுள்ள பிள்ளையோ பெண்ணோ ஒருவர் இருந்தால் இவ்வழியை நாம் தாராளமாகச் சிபாரிசு செய்வோம். ஒருவரும் இல்லையென்றால் வேண்டாம்.

பழைய யந்திரத்தில் பார்க்க வேண்டியவை: மூடியின் கீல் தளர்ந்திருக்கிறதா, மின்கலம் உப்பியிருக்கிறதா, எல்லாவற்றுக்கும் மேலாக முந்திய கம்பெனி போட்ட பூட்டுச்சொல் உள்ளே இன்னும் இருக்கிறதா என்பவை. கடைசியாகச் சொன்னதைக் கவனியாமல் வாங்கினால், என்றைக்காவது ஒரு நாள் யந்திரம் தன் பழைய எஜமானரைக் கேட்கும்.

கூகிள் கம்பெனியின் 'குரோம்புக்' வகைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வலைத்தொடர்பு இடைவிடாமல் உள்ள வீட்டுக்கு அவை மிகவும் எளிமையானவை. 2021 முதல் வெளிவந்த மாதிரிகளுக்குப் பத்து வருஷம் திருத்தம் உண்டென்று அறிவித்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பத்து வருஷம் நாம் வாங்கிய தேதியிலிருந்து அன்று, அந்த வகை வெளியான தேதியிலிருந்து எண்ணப்படுகிறது! நம் தேசத்து ஜியோ கம்பெனியார் 2023-இல் 16,499 ரூபாய்க்கு வெளியிட்ட 'ஜியோபுக்' 990 கிராம் எடைதான். சுதேசி நிறுவனத்தின் சரக்கு என்ற மகிழ்ச்சி நமக்கும் உண்டு. எனினும் 4 ஜி.பி. நினைவகமும் 64 ஜி.பி. சேமிப்பகமும் உள்ள அதில் விண்டோஸ் நிரல்கள் ஓடா. பள்ளிப் பாடத்துக்கு மட்டும் என்றால் சரி. வருமான வரிக்கோ ஆபீஸுக்கோ விண்டோஸில் மட்டும் ஓடும் நிரல் ஏதேனும் தேவைப்படுகிறவர்கள் தேசபக்தியை வேறு வழியில் காட்டிக்கொள்ளலாம்.

'கைப்பேசியே போதாதா?' என்று கேட்பார் உண்டு. படிப்பதற்கும் பார்ப்பதற்கும் போதும். நான்கு பக்கம் எழுதுவதற்கும், ஒரு பத்திரத்தைப் பார்த்து மற்றொன்றில் நிரப்புவதற்கும் போதாது.

கடைக்குச் செல்லும்போது, சுமந்து செல்லப்போகும் பையையே கையோடு கொண்டு போக வேண்டும். யந்திரத்தையும் மின்னேற்றியையும் அதில் போட்டுத் தோளில் மாட்டிக் கடைக்குள் நாலு அடி நடக்கலாம். சிப்பந்தி சிரித்தால் சிரிக்கட்டும். திரையை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்க்கவும். ஒரு பத்தி தமிழில் தட்டவும். பேனா வடிவச் சேமிப்பியும் அச்சு யந்திரமும் இணைக்கத் துவாரங்கள் உண்டா என்று எண்ணவும். எழுதும் நிரல் சில மாதப் பரீட்சைக்கு மட்டும் கொடுக்கப்பட்டதா, நிரந்தரமா என்று கேட்கவும். பணம் கொடுப்பதற்குமுன், ரசீதில் யந்திரத்தின் தொடர் எண் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, யந்திரத்தைத் திருப்பி அடிப்புறத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளவும். உத்தரவாதம் கேட்டுப் போகும்போது முதலில் கேட்கப்படுவது அந்த எண்தான்.